பெரிய டயர் போட்டால் மெத்தென்று போகுமா? ஹைபிரிட் காரில் காணாமல்போன இரண்டரை கிலோமீட்டர்

என் மச்சான் புது வண்ணாரப்பேட்டையில் இருக்கிறான், வேலை மணலியில். வைத்திருப்பது ஒரு ஹைபிரிட் செடான், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார். நாலு வருடத்தில் டயர் தேய்ந்துபோக, மாற்றப் போன கடையில், "ஒரு சைஸ் பெருசாப் போட்டுக்கலாம் சார், பள்ளமே தெரியாது, சோபாவுல உக்காந்த மாதிரி போகும்" என்றார்கள். போட்டான். சோபா மாதிரிதான் போனது. ஆனால் லிட்டருக்கு 23 என்று காட்டிக்கொண்டிருந்த மைலேஜ், அடுத்த மாதம் 20.5-இல் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனபோது இதுதான் பேச்சு. "டயர் வெயிட்டுப்பா, அதான்" என்றார் சித்தப்பா. "அகலம் ஜாஸ்தி, ரோட்டைப் புடிச்சு இழுக்குது" என்றான் எதிர்வீட்டுத் தம்பி. மாடியில் குடியிருப்பவர், "ஹைபிரிட்டுக்குன்னு தனி டயர் இருக்கு, வேற போட்டா பேட்டரி போயிடும்" என்று ஒரே போடாகப் போட்டார்.

சித்தப்பா சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தம்பி சொன்னதில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மாடிக்காரர் சொன்னதில் அதுவும் இல்லை. டயர் பேச்சு எங்கே நடந்தாலும் இப்படித்தான். பெரிசு, சாஃப்ட், கிரிப் என்று ஆளுக்கு ஒரு பொருளில் ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்கிறோம். இந்தக் கட்டுரையில் நான் செய்யப்போவது ஒன்றுதான்: காணாமல்போன அந்த 2.5 கிலோமீட்டரைத் தேடுவது. தேடுகிற வழியிலேயே டயர் எப்படி வேலை செய்கிறது என்பதும் புரிந்துவிடும்.

வண்டியைத் தாங்குவது ரப்பர் அல்ல

1946-இல் கே. எம். மாமன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952-இல் அந்தத் தொழில் டயருக்கு ஒட்டும் ட்ரெட் ரப்பருக்கு மாறி, பிறகு டயருக்கே போனது. மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி, சுருக்கமாக எம்ஆர்எஃப். நம் ஏரியா பெருமைக்காக இதைச் சொல்லவில்லை (சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்). பலூனில் தொடங்கியவர்கள் டயருக்கு வந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. டயரும் அடிப்படையில் ஒரு பலூன்தான். காரின் எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. ரப்பரும் கம்பியும் நூலும் அந்தக் காற்றை வெளியே விடாமல் கட்டிவைக்கும் பை.

ஒரு சின்னக் கணக்கு. ஆட்களோடு சேர்த்து வண்டி 1,500 கிலோ என்றால் ஒரு சக்கரத்தின் பங்கு 375 கிலோ. காற்றழுத்தம் 32 பிஎஸ்ஐ (பங்கில் காற்றடிக்கும்போது சொல்கிற அளவு) என்றால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் இரண்டேகால் கிலோவை அது தாங்கும். 375-ஐ இரண்டேகாலால் வகுத்தால் 167 சதுர சென்டிமீட்டர். உங்கள் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்துத் தரையில் வைத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நீங்கள் எண்பதில் போகும்போது தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது நாலு உள்ளங்கைதான்.

இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கேயும் வரவில்லை பாருங்கள். காற்றழுத்தமும் எடையும் மாறாதவரை, அகலமான டயர் போட்டாலும் தரையைத் தொடும் பரப்பு பெரிதாக அதிகரிக்காது. அதன் வடிவம்தான் மாறும். முன்னும்பின்னும் நீளமாக இருந்த உள்ளங்கை, பக்கவாட்டில் அகன்று குட்டையாகும். வளைவில் திருப்பும்போது அதன் பலன் தெரியும். மற்றபடி, "அகலம், அதனால் அதிக ரப்பர் ரோட்டில் ஒட்டுகிறது" என்ற எதிர்வீட்டுத் தம்பியின் கதை பாதியிலேயே நின்றுவிடுகிறது.

டயர் மேல் எழுதியிருக்கும் ஜாதகம்

மச்சானின் பழைய டயரில் 185/55 ஆர்16 என்று இருந்தது. முதல் எண் டயரின் அகலம், 185 மி.மீ. அடுத்த எண் மி.மீ. அல்ல, சதவீதம். பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 55 சதவீதம். பக்கச்சுவர் என்றால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே பக்கவாட்டில் தெரிகிற ரப்பர்ப் பகுதி. கடையில் சைடுவால் என்பார்கள். 185-இல் 55 சதவீதம் என்றால் சுமார் 102 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், டயருக்குள் நூலடுக்கு பின்னப்பட்ட முறை. இன்றைக்குக் கார் டயர் எல்லாமே அநேகமாக அதுதான். கடைசி 16, ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

ரிம்மோடு மேலேயும் கீழேயும் பக்கச்சுவரைக் கூட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் கிடைக்கும். இங்கே அது 610 மி.மீ.

"பெரிய டயர்" என்று ஒருவர் சொன்னால் இதில் எது பெரிசு என்று கேட்க வேண்டும். மச்சான் போட்டது 205/55 ஆர்16. ரிம் அதேதான். அகலம் 20 மி.மீ. கூடியது. பக்கச்சுவர் 113 மி.மீ. ஆனது. மொத்த விட்டம் 632. அவனுடைய நண்பன் ஒருவன் அதே காருக்கு அழகுக்காக 17 அங்குல அலாய் ரிம் வாங்கி 205/45 ஆர்17 போட்டிருக்கிறான். அதுவும் பெரிய டயர் என்றுதான் பெயர். ஆனால் அதன் பக்கச்சுவர் 92 மி.மீ.தான், கம்பெனி டயரைவிடவும் மெலிசு. ரிம்மைப் பெரிதாக்கி, மொத்த விட்டத்தை மட்டும் பழைய அளவுக்குப் பக்கத்தில் வைத்தால் பக்கச்சுவரின் உயரம்தான் குறையும். பார்க்க மிடுக்காக இருக்கும். காலடிப்பேட்டைச் சந்துக்குள் ஒவ்வொரு பாதாளச் சாக்கடை மூடியும் இடுப்பில் தெரியும்.

எனவே மெத்தென்ற ஓட்டத்துக்குத் தேவை பெரிய சக்கரம் அல்ல. உயரமான பக்கச்சுவர். வேண்டுமானால் ரிம்மைச் சின்னதாக்கிக்கூட அதைப் பெறலாம். 195/60 ஆர்15 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவர் 117 மி.மீ., மச்சான் டயரைவிட உயரம். மொத்த விட்டமோ 615, பழைய 610-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. என்ன, அந்தச் சின்ன ரிம்முக்குள் பிரேக் டிஸ்க்கும் காலிப்பரும் அடங்குமா என்று ஒரு தரம் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

போகிற போக்கில் இன்னொன்று. விட்டம் 22 மி.மீ. கூடினால் வண்டி உயர்வது அதில் பாதி, அதாவது 11 மி.மீ. சுண்டுவிரல் அகலம். "பெரிய டயர் போட்டா அடி தட்டாது" என்பதை இந்தச் சுண்டுவிரலோடு சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள்.

"சாஃப்ட்" என்ற ஒரே சொல்லில் மூன்று சங்கதிகள்

கடைக்காரர் கட்டைவிரலால் டயரை அழுத்திக் காட்டி, "சாஃப்ட் ரப்பர் சார்" என்பார். அவர் காட்டுவது ரப்பர் கலவையின் மென்மை. அது தரையைப் பிடிப்பதற்கும், எவ்வளவு நாளில் தேயும் என்பதற்கும் சம்பந்தப்பட்டது. உங்கள் முதுகுக்கும் அதற்கும் உறவு கொஞ்சம்தான்.

இரண்டாவது, பக்கச்சுவரின் மென்மை. அது எவ்வளவு உயரம், உள்ளே எத்தனை அடுக்கு, எவ்வளவு விறைப்பு என்பது. எக்ஸ்எல் என்று அச்சிட்ட டயர்கள் கூடுதல் எடை தாங்குவதற்காக விறைப்பாகச் செய்யப்பட்டவை. ஒரே அளவில் எக்ஸ்எல் உள்ளதும் இல்லாததும் ஓட்டத்தில் வேறு வேறாக இருக்கலாம்.

மூன்றாவது காற்று. வியாசர்பாடியில் கால்பந்து விளையாடும் பசங்களைக் கேளுங்கள். பந்து கல் மாதிரி இருந்தால் காலில் வலிக்கும், கொஞ்சம் காற்று இறக்கினால் மெத்தென்று இருக்கும் என்பார்கள். பந்து மாறவில்லை, தோலும் அதே தோல். இந்த மூன்றில் பைசா செலவில்லாமல் மாற்றக்கூடியது இதுதான். அதிகம் தப்பாக வைக்கப்படுவதும் இதுதான்.

டயர் எதை விழுங்கும், எதை விழுங்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கேபிள் பதிக்க வெட்டி ஒட்டுப்போட்ட தார், ஜல்லி பெயர்ந்த இடம், மூடியின் விளிம்பு என்று சின்னதும் கூர்மையுமான அதிர்வுகளை டயர் விழுங்கும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் பெரிய பள்ளமும் ஸ்பீட் பிரேக்கரும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரின் பொறுப்பு. ஷாக் அப்சார்பர் ஒழுகிக்கொண்டிருக்கும் வண்டிக்கு எந்த டயர் போட்டாலும் குதிக்கத்தான் செய்யும். பள்ளத்தில் உயரமான பக்கச்சுவர் செய்கிற உபகாரம் வேறு. ரிம் நெளியாமலும், ரிம்முக்கும் பள்ள விளிம்புக்கும் நடுவே ரப்பர் நசுங்கிப் பக்கவாட்டில் வீக்கம் வராமலும் அது காப்பாற்றும்.

ஹைபிரிட்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தண்டையார்பேட்டை நெரிசலில் வண்டி ஊரும்போது எஞ்சின் அணைந்திருக்கும். மற்ற கார்களில் எஞ்சின் சத்தம் மூடிமறைக்கிற டயர் இரைச்சலும் தடதடப்பும் இங்கே அப்படியே காதில் விழும். வண்டி கடினமாகப் போவதாகத் தோன்றுவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இதுவரை பார்த்தது: எடையைத் தாங்குவது காற்று. ஓட்டத்தை மெத்தென்று ஆக்குவது பக்கச்சுவரின் உயரமும் காற்றழுத்தமும். "பெரிய" டயர் இவற்றைக் கொடுக்கலாம், பறிக்கவும் செய்யலாம்.

பரோட்டா மாவும் ரப்பர் பந்தும்

மைலேஜுக்கு வருவோம். பரோட்டா மாஸ்டர் உருட்டி வைத்த மாவு உருண்டை ஒன்றையும் ஒரு ரப்பர் பந்தையும் ஒரே உயரத்திலிருந்து கீழே போடுங்கள். பந்து எழும்பி வரும். மாவு "தொப்"பென்று உட்கார்ந்துவிடும். இரண்டுமே தரையில் பட்டு நசுங்கின. பந்து தன்னை நசுக்கிய சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்தது. மாவு எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டு சூடாக்கிவிட்டது.

டயர் ரப்பர் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிற பொருள். சக்கரம் சுற்றச் சுற்ற, தரையைத் தொடும் அந்த உள்ளங்கை அளவு ரப்பர் நசுங்கி, மேலே போகும்போது மறுபடி விரிகிறது. ஒவ்வொரு முறை நசுங்கி மீளும்போதும் கொஞ்சம் சக்தி திரும்பாமல் சூடாகிவிடுகிறது. நெடுந்தூரம் ஓட்டிவிட்டு டயரைத் தொட்டால் சுடுகிறதே, வெயிலை விட்டால் அதற்கு முக்கியக் காரணம் இதுதான். இப்படி டயர் நசுங்குவதால் உருளும் வண்டியைப் பிடித்து இழுக்கும் தடைக்கு உருளல் தடை என்று பெயர். ரப்பர் தரையில் உரசுவதோ ஒட்டுவதோ இதில் சின்னப் பங்குதான்.

காற்றில்லாத மீன்பாடி வண்டியை மிதித்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். காசிமேட்டிலிருந்து பெட்டி ஏற்றிக் கிளம்பும்போது பின்சக்கரம் கொஞ்சம் அமுங்கியிருந்தால் கல்மண்டபம் வருவதற்குள் நுரை தள்ளும். அமுங்கிய டயர் அதிகம் நசுங்குகிறது. அதிகம் நசுங்கினால் அதிகம் சூடு. அந்தச் சூட்டுக்கான கூலியைக் கொடுப்பது கால்.

எண்ணில் சொன்னால், நல்ல சிக்கன டயரின் உருளல் தடை வண்டி எடையில் ஆயிரத்தில் 8 பங்கு அளவில் இருக்கும். சாதாரண மெத்தை டயர் ஆயிரத்தில் 11 வரை போகலாம். 1,500 கிலோ வண்டிக்கு முதலாவது 12 கிலோ, இரண்டாவது 16.5 கிலோ. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கும் விசை முழு நேரமும் வண்டியைப் பின்னால் இழுக்கிறது. டயரை மாற்றியதும் குடத்தோடு ஒரு செம்புத் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலரை லிட்டர் பிடிக்கிற பெரிய செம்பு.

ரப்பர் கலவையில் சிலிக்கா சேர்த்து இந்த இழப்பைக் குறைக்கும் முறையை 1990-களின் தொடக்கத்தில் மிஷலின் கம்பெனி பரவலாக்கியது. அதற்கு முன்னால் உருளல் தடையைக் குறைத்தால் ஈரச்சாலையில் பிடிப்பும் குறையும் என்பதுதான் நிலைமை. இன்றும் அந்த இழுபறி முழுசாகத் தீரவில்லை. மைலேஜ், மழைப்பிடிப்பு, ஆயுள் மூன்றையும் ஒரே டயரில் உச்சத்துக்குக் கொண்டுபோக முடிவதில்லை.

மாடிக்காரர் சொன்ன "ஹைபிரிட்டுக்கான தனி டயர்" என்பதும் இதுதான். உருளல் தடை குறைவாக உள்ள டயராகப் பார்த்துக் கம்பெனி மாட்டி அனுப்புகிறது. வேறு டயர் போட்டால் பேட்டரி போகாது. பெட்ரோல்தான் போகும்.

ஹைபிரிட்டில் மட்டும் ஏன் இவ்வளவு தெரிகிறது?

இதே டயர் மாற்றத்தை ஒரு சாதாரணப் பெட்ரோல் காரில் செய்தால் பலருக்கு வித்தியாசமே தெரியாது. ஹைபிரிட்டில் உடனே திரையில் தெரிகிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாருங்கள்.

இங்கே ஹைபிரிட் என்று நான் சொல்வது எஞ்சினோடு ஒரு பெரிய மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து சக்கரத்தை ஓட்டும் வகை, அதாவது ஸ்ட்ராங் ஹைபிரிட். பிரேக் மிதிக்கும்போது அந்த மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடும். பழைய சைக்கிளில் டைனமோவைச் சாய்த்து டயரில் உரசவிட்டால் விளக்கு எரியும், மிதியும் கனக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதே வேலைதான். வண்டியின் ஓட்டமே மின்சாரமாகிப் பேட்டரிக்குப் போகிறது, வண்டியும் மெதுவாகிறது. இதற்கு ரீஜென் என்று பெயர்.

மாநகரப் பேருந்தில் கண்டக்டர் பாக்கிச் சில்லறையை டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுப்பார் அல்லவா. பிரேக்கில் போகும் சக்தி அந்தப் பாக்கி மாதிரி. சாதாரணக் காரில் அது பிரேக் பேடில் சூடாகிக் காற்றோடு போய்விடும், பாக்கி வாங்காமலேயே இறங்கிவிட்ட கதை. ஹைபிரிட் இறங்குவதற்கு முன்னால் கேட்டு வாங்கிக்கொள்கிறது, முழுசாக இல்லாவிட்டாலும் ஒரு நல்ல பங்கை. டயரில் சூடாகிப் போவதோ டிக்கெட் காசு. எந்த மோட்டாராலும் அதைத் திருப்பி வாங்க முடியாது.

சிக்னலில் எஞ்சின் சும்மா ஓடும் செலவையும், பிரேக்கில் போகும் செலவில் பெரும்பகுதியையும் ஹைபிரிட் ஏற்கெனவே மிச்சம் பிடித்துவிட்டது. மிஞ்சியிருக்கும் பெரிய செலவுகளில் முக்கியமானவை இரண்டு: எதிர்க்காற்றும் டயரும். எதிர்க்காற்றின் தடை வேகம் கூடக் கூடத்தான் பெரிதாகும். இந்த மாதிரி ஒரு காருக்குச் சுமார் 60 கி.மீ. வேகம் வரை டயரின் தடைதான் அதைவிட அதிகம். புது வண்ணாரப்பேட்டைக்கும் மணலிக்கும் நடுவே மச்சான் அறுபதைத் தொடுவதே அபூர்வம். கஞ்சனின் கணக்குப் புத்தகத்தில் பத்து ரூபாய் கூடுதல் செலவு பளிச்சென்று தெரிகிற மாதிரி, அவன் வண்டியில் டயர் மாற்றம் தெரிகிறது.

சித்தப்பாவின் "வெயிட்" வாதமும் இங்கேதான் வலுவிழக்கிறது. கனமான சக்கரத்தைச் சுழற்றக் கூடுதல் சக்தி வேண்டும் என்பது சரி. ஆனால் அந்தச் சக்தி சுழற்சியாக உள்ளேயே இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது ஒரு பகுதி ரீஜென் வழியே பேட்டரிக்குத் திரும்பிவிடும். டயர் கனத்தால் மைலேஜ் அடிவாங்குவது ஹைபிரிட்டில் குறைவுதான். கனமான சக்கரம் பள்ளத்தில் "தடால்" என்று விழுவது வேறு பிரச்சினை.

சுருக்கமாக: டயர் நசுங்கி மீளும்போது போகும் சூடுதான் உருளல் தடை. ஹைபிரிட் மற்ற வீண் செலவுகளைக் குறைத்துவிட்டதால், திரும்ப வாங்க முடியாத இந்தச் செலவு அதில் பெரிதாகத் தெரிகிறது.

மீட்டர் சொல்லும் பொய்

இனிமேல் துப்பறியும் வேலை. எத்தனை கிலோமீட்டர் போனோம் என்பது காருக்கு நேரடியாகத் தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தனக்குச் சொல்லிக்கொடுத்த அளவால் பெருக்கிக்கொள்கிறது. அந்த அளவு 610 மி.மீ. சக்கரத்துக்கானது.

இப்போது மாட்டியிருப்பது 632. ஒவ்வொரு சுற்றிலும் வண்டி 3.6 சதவீதம் அதிகம் நகர்கிறது. கார் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. திரையில் 20.5 என்றால் உண்மையில் 21.2. ஸ்பீடோமீட்டரும் இதே கதைதான். பழைய டயரில் அது 80 காட்டிய அதே சுழற்சியில் இப்போது வண்டி 83-இல் போய்க்கொண்டிருக்கும்.

பழைய 23-ம் நேர்மையான எண் அல்ல. கழற்றும்போது அந்த டயர்களின் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள், 5 மி.மீ. தேய்ந்திருந்தன. மேலும் கீழுமாக 10 மி.மீ. விட்டம் குறைவு, 600 மி.மீ. சக்கரத்தை 610 என்று நினைத்துக்கொண்டு கார் தூரத்தைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. உண்மையான மைலேஜ் 22.6.

ஆக, திரையில் 2.5 குறைந்ததாகத் தெரிந்தாலும் உண்மையில் குறைந்தது 1.4. மீதி வெறும் எண்ணிக்கைப் பிழை.

அந்த 1.4-இலும் ஒரு பங்கு புதுசு-பழசு வித்தியாசம். தேய்ந்த டயரில் நசுங்குவதற்கு ரப்பரே குறைவு. அதனால் உருளல் தடையும் குறைவு. ஆழமான பட்டனோடு வரும் புது டயர், அதே கம்பெனி அதே மாடலாக இருந்தாலும், முதல் சில மாதங்கள் கொஞ்சம் அதிகம் குடிக்கும். டயர் மாற்றியவர்கள் பலர் "புது டயர் போட்டதிலேர்ந்து மைலேஜ் இல்ல" என்று புலம்புவதில் இதுவும் ஒரு காரணம்.

நாலு காலும் ஒரே அளவில் இருக்கட்டும்

ஒவ்வொரு சக்கரத்திலும் வேகம் அறியும் சென்சார் ஒன்று இருக்கிறது. பிரேக் மிதிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் சறுக்கி நின்றுவிடுகிறதா என்று ஏபிஎஸ் பார்ப்பது இதை வைத்துத்தான். ரெண்டு டயர் மட்டும் பெரிசாகப் போட்டால் முன்னும் பின்னும் சுழலும் வேகம் மாறி, சறுக்காத சக்கரம் சறுக்குவது போல அதற்குத் தோன்றலாம். சில கார்களில் காற்று குறைந்தால் வரும் எச்சரிக்கை விளக்கும் இந்தச் சுழற்சியை வைத்தே கண்டுபிடிக்கிறது. டயர் மாற்றினாலோ காற்றைச் சரிசெய்தாலோ அதை மெனுவில் போய் ரீசெட் செய்ய வேண்டும். மச்சான் செய்யவில்லை. இது பின்னால் வரும்.

சரி, நம் சாலைக்கு எதைப் போடலாம்?

என் அபிப்பிராயம், பலருக்கு அதே அளவில் ஒரு நல்ல டூரிங் டயரே போதும். டூரிங் என்பது சத்தமும் அதிர்வும் குறைவாக இருக்கும்படி செய்யப்படும் வகை. அளவை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மொத்த விட்டம் பழையதிலிருந்து 3 சதவீதத்துக்குள் நிற்கட்டும் என்பது டயர்க்காரர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. மச்சான் தாண்டிவிட்டான். அதே மாடலின் வேறு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு ஒன்று இருந்தால் யோசிக்காமல் அதற்குப் போகலாம். பிரேக், மட்கார்டு எல்லாம் அதற்கும் பார்த்து வைத்திருப்பார்கள். வேறு எதற்குப் போனாலும் வாரன்டி நிலைமையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹைரைடர், கிராண்ட் விட்டாரா என்ற உயரமான ஹைபிரிட் கார்களை வைத்திருப்பவர்கள் இந்த மோகத்துக்கு ஆளாகவே தேவையில்லை. அவற்றில் வருவது 215/60 ஆர்17, பக்கச்சுவர் 129 மி.மீ. மச்சான் பெரிதாக்கிப் போட்டதைவிடவும் உயரம்.

அளவுக்குப் பக்கத்தில் 83, 88, 91 என்று ஓர் எண் இருக்கும். ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறியீடு. 83 என்றால் 487 கிலோ, 91 என்றால் 615. கம்பெனி கொடுத்ததைவிடக் குறைந்த எண்ணுக்கு இறங்கவே கூடாது. பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து ஹைபிரிட் தன் பெட்ரோல் தங்கையைவிடக் கனம் என்பதால் இதில் விளையாட்டு வேண்டாம்.

மழை இருக்கிறது. அகலமான டயர் தேங்கிய நீரை ஒதுக்கிவிட்டுத் தரையைத் தொடச் சிரமப்படும். வேகமாகப் போனால் நீர்ப்படலத்தின் மேலேயே மிதக்கும். ஐப்பசி, கார்த்திகையில் விரைவுச் சாலையில் அது பெரிய விஷயம்.

மாட்டிய பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றி இறக்குங்கள். எங்கேயாவது உரசினால் அப்போதே தெரியும். கடையில் காலி வண்டியை நேராக ஓட்டிப் பார்த்தால் தெரியாது.

கடைசியாக, காற்று

எல்லாம் சொல்லி முடித்ததும் மச்சானிடம் கேட்டேன், "பழைய டயர்ல எவ்ளோ காத்து வெச்சிருந்த?"

"நாப்பது. டயர்லயே மேக்ஸ்னு போட்டிருந்துச்சே. பங்க்ல எப்பவும் அதான் சொல்லுவேன், மைலேஜ் நல்லா வரும்னு."

டயர் மேல் இருக்கும் அந்த எண், அதற்குமேல் போகாதே என்கிற எல்லை. வைக்க வேண்டிய அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. அவன் வண்டிக்கு 32. புது டயருக்குக் கடைக்காரர்கள் வைத்ததும் 32.

நாற்பதில் டயர் விறைத்து நிற்கும். நசுங்குவது குறையும், மைலேஜ் கூடும், முதுகு வாங்கும். தரையைத் தொடும் உள்ளங்கையும் 167-இலிருந்து 133 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கும். நாலு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு. நாற்பதிலிருந்து முப்பத்திரண்டுக்கு வந்ததை அதில் போட்டால் 1.6 சதவீதம். 1.4-இல் இன்னொரு 0.35 இங்கே போயிற்று. மிச்சம் சுமார் ஒரு கிலோமீட்டர்தான் புது டயரின் ரப்பருக்கும் பட்டனுக்கும் அளவுக்கும் சேர்ந்த கூலி.

அதோடு, பழைய வண்டி கட்டை மாதிரி போனதற்கும், புதுசு சோபா மாதிரி போவதற்கும் இந்த எட்டு பிஎஸ்ஐயில் எவ்வளவு பங்கு என்ற கேள்வியும் எழுந்தது. மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இதுல நாப்பது வெச்சா 23 வந்துடுமா?" என்றான்.

நான் என் காற்றுமானியை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, வெயில் இன்னும் அதன் மேல் விழவில்லை. ஓடிச் சூடான டயரில் நாலைந்து பிஎஸ்ஐ கூடக் காட்டும் என்பதால் அளக்க இதுதான் நேரம். முன்னால் இரண்டும் 32. பின்னால் இடது பக்கம் 31. வலது பக்கத்தில் முள் 26-இல் நின்றது. எச்சரிக்கை விளக்கு எரியவே இல்லை. அதைத்தான் ரீசெட் செய்யவில்லையே.

குனிந்து விரலால் தடவிக்கொண்டே போனவன், பட்டனுக்கு நடுவே ஒரு இடத்தில் நிறுத்தினான். லாரியிலிருந்து விழுந்த ஆணியாக இருக்க வேண்டும். தலை தேய்ந்து, வெள்ளி மாதிரி மின்னியது.